ரோதை சுழன்ற ஊரில் கணித வகுப்பு

(கந்தப்பளையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாடு விட்டுப் போய்ப் பொறியியலாளராக உழைத்து, குடும்பத்தையும் கல்வியையும் இரு கண்களாகக் கொண்டு வாழ்ந்த மனிதர்களைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். அந்த வாழ்க்கை நமக்குப் புதியதல்ல. லண்டனிலோ டொரொன்டோவிலோ மெல்பேர்னிலோ ஒரு தமிழ்ப் பொறியியலாளர் மறைந்தால் நினைவு மலரில் வரும் செய்திகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கடன் வாங்கிக் கப்பலேறினார், தம்பி தங்கைகளைப் படிக்க வைத்தார், பிள்ளைகளைக் கரை சேர்த்தார், ஊர்ப் பாடசாலைக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்தார். இவை எல்லாம் உண்மை, வணங்கத்தக்கவையும்கூட. ஆனால் இந்தக் கதை எப்போதும் துறைமுகத்திலோ விமான நிலையத்திலோதான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் இருபது ஆண்டுகள் இருக்கின்றன. அந்த இருபது ஆண்டுகளில் என்ன கிடைத்ததால் அவர் பொறியியலாளராகப் போனார், அது கிடைக்காததால் இன்னொருவர் கூலியாளாகவே போனார் என்பதுதான் இன்றைய என் பேச்சு. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குடும்பப் பாசமும் தியாகமும் எல்லாத் தமிழ் வீடுகளிலும் இருந்தன. உயர்வகுப்பு வரை கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் பாடசாலை எட்டும் தூரத்தில் எல்லோருக்கும் இருக்கவில்லை. பொறியியலாளர் எங்கே தோன்றுகிறார், எங்கே தோன்றவில்லை என்பதைத் தீர்மானித்தது இந்த இரண்டாவது காரணமே.

இதற்கு நம்முடைய தீவின் வரலாற்றிலேயே ஒரு பரிசோதனை இருக்கிறது. யாரும் திட்டமிட்டு நடத்தியதல்ல, தானாக நிகழ்ந்தது. 1823ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மலையக மக்கள் இந்த மண்ணுக்கு வந்த ஆண்டாக நாம் நினைவுகொள்வது அதைத்தான். கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் திறந்த கோப்பித் தோட்டத்திலிருந்து கணக்கிட்டு, 2023இல் 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்தார்கள். அதே 1823இல், அதே தீவின் வடக்கில், அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். அதன் நோக்கம் மதம் பரப்புவது. ஆனால் அங்கே பாடத்திட்டத்தில் கணிதமும் வானியலும் நில அளவையும் இருந்தன. அங்கு பயின்று அங்கேயே கற்பித்த கறோல் விசுவநாதபிள்ளை 1855இல் 'வீசகணிதம்' என்ற பெயரில் இயற்கணித நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகப் பெயர் பெற்ற இருவர் அவரும் சி.வை. தாமோதரம்பிள்ளையும், இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். ஆக, ஒரே ஆண்டில், ஒரே ஆட்சியின் கீழ், ஒரே மொழி பேசும் மக்களிடையே இரண்டு தொடக்கங்கள். ஒன்றில் கையில் கொடுக்கப்பட்டது மண்வெட்டி. மற்றதில் கொடுக்கப்பட்டது கணக்குப் புத்தகம்.

இதன் விளைவு அறுபத்திரண்டு ஆண்டுகளில் தெரிந்தது. 1885ஆம் ஆண்டு மே மாதத்தில் கொழும்பிலிருந்து மலையேறிய இரயில் பாதை இதோ அருகிலிருக்கும் நானுஓயாவை எட்டியது. அடுத்த மாதம், ஜூன் முதலாம் திகதி, மலாயாவின் முதல் இரயில் பாதை தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. இரண்டு இடத்திலும் தமிழர் இருந்தார்கள். நானுஓயாப் பாதையில் மண் சுமந்தவர்களிலும், பாறை உடைத்தவர்களிலும், காய்ச்சலில் மடிந்தவர்களிலும் நம் பாட்டன்மார் பலர். மலாயாவிலோ, பாதை வெட்டிய கூலித் தமிழரோடு, அளவைச் சங்கிலி பிடித்தும் வரைபடம் வரைந்தும் நிலைய அதிபராக அமர்ந்தும் வேலை செய்த இன்னொரு கூட்டம் இருந்தது. அது யாழ்ப்பாணத்திலிருந்து போனது. இலங்கைப் பொதுவேலைத் திணைக்களத்தில் பணிபுரிந்துவிட்டு 1890களின் தொடக்கத்தில் சிலாங்கூருக்குப் போய், பின்னர் மலாய் இரயில்வேயின் பொது முகாமையாளரான சி.இ. ஸ்பூனர் என்ற ஐரிஷ் பொறியியலாளர், தாம் இலங்கையில் பழகிய யாழ்ப்பாணத் தமிழரை அங்கே வரவழைத்து வேலைக்கு அமர்த்தினார். அவர் தேடியது ஆங்கிலம் எழுதவும், கணக்குப் போடவும், நிலம் அளக்கவும் தெரிந்தவர்களை. அப்படிப்பட்டவர்கள் யாழ்ப்பாணத்தில் கிடைத்தார்கள், ஏனெனில் அதற்கான பாடசாலைகள் அரை நூற்றாண்டாக அங்கே நடந்துகொண்டிருந்தன. கந்தப்பளையிலோ இராகலையிலோ அவர் தேடியிருந்தால் ஒருவரும் கிடைத்திருக்கமாட்டார், அறிவில்லாததால் அல்ல, பாடசாலை இல்லாததால்.

மலாயாவில் அடுத்த தலைமுறையில் நடந்தது இன்னும் கூர்மையான சான்று. அங்கே இரண்டு தமிழ்க் கூட்டமும் ஒரே நாட்டில், சில மைல் தூரத்தில் வாழ்ந்தன. நகரத்தில் இருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் சம்பளத்தின் பெரும் பகுதியை மிச்சம் பிடித்துப் பிள்ளைகளைக் கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் போன்ற ஆங்கிலப் பாடசாலைகளுக்கு அனுப்பின. இறப்பர்த் தோட்டத்தில் இருந்த தமிழகத்துக் குடும்பங்களுக்குக் கிடைத்தது தோட்டத் தமிழ்ப் பாடசாலை. 1923ஆம் ஆண்டின் தொழிற்சட்டம், பாடசாலை வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பாடசாலை நடத்தத் தோட்டத்தைக் கட்டாயப்படுத்தியது. அந்தப் பாடசாலை வாசிக்கவும் எழுதவும் கூட்டவும் கழிக்கவும் கற்றுக் கொடுத்து நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு படி ஏற வேண்டுமானால் மொழியையும் ஊரையும் மாற்ற வேண்டும். நகரத்துப் பிள்ளைகளிலிருந்து மருத்துவர்களும் பொறியியலாளர்களும் வந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் மீண்டும் பால்மரத்தின் அடியிலேயே நின்றார்கள். இரு வீட்டுத் தாய்மாரும் விடியற்காலையில் எழுந்தவர்கள்தான். இரு வீட்டுத் தகப்பன்மாரும் தம் பிள்ளை தம்மைப்போல் ஆகக்கூடாது என்று விரும்பியவர்கள்தான். அந்த விருப்பம் பற்றிக்கொண்டு ஏறிச் செல்ல ஓரிடத்தில் ஏணி இருந்தது, மற்ற இடத்தில் நான்காவது படியோடு முடிந்துபோனது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இயந்திரம் என்பது மலையகத்துக்கு அந்நியமான பொருளா? இந்த நாட்டில் கிராமப்புறமொன்றில் இயந்திரத்தோடு இத்தனை காலம் நெருங்கி வாழ்ந்த மக்கள் வேறு யாரும் இருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டது 1867இல். அடுத்த சில ஆண்டுகளிலேயே கொழுந்தை அரைக்கும் உருளை இயந்திரமும், பின்னர் பெல்பாஸ்டில் சாமுவேல் டேவிட்சன் செய்த 'சிரொக்கோ' உலர்த்தியும் புழக்கத்துக்கு வந்தன. அந்த இயந்திரங்களுக்கு எண்ணெய் விட்டு, பட்டி மாற்றி, சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொன்னவர்கள் பெக்டரியில் வேலை செய்த நம்மவர்கள். சக்கரத்துக்கு 'ரோதை' என்று பெயர் வைத்து, அந்த ரோதையைக் காக்க 'ரோதமுனி' என்றொரு சாமியையும் வைத்துக் கும்பிட்டார்கள். கையும் காலும் சிக்கிவிடாமல் காப்பாற்று என்ற வேண்டுதல் அதில் இருக்கிறது. இயந்திரத்தின் மீது இவ்வளவு கவனமும் பயபக்தியும் கொண்ட சமூகத்துக்கு அந்த ரோதையின் கணக்கை, அதாவது விசையையும் வேகத்தையும் உராய்வையும், யாரும் பாடமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் கணக்கு பாடமாவதற்கு முன்பே சில இயந்திரங்கள் ஓய்ந்தும் போயின. இதே கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துத் தொழிற்சாலை 1996 முதல் ஹோட்டலாக நடக்கிறது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இந்த ஊரைக் கடந்து இராகலை வரை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஓடிய சிறிய இரயில், 1940களில் நின்றே போனது. 1912இல் டி.ஜே. விமலசுரேந்திர நுவரெலியாவுக்கு அருகே பிளாக்பூலில் சிறிய நீர்மின் நிலையம் அமைத்தார். லக்சபான, காசல்ரீ, மவுசாக்கலை, 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை என்று நாட்டுக்கே வெளிச்சம் தரும் பொறியியல் வேலைகள் நம் லய வீடுகளின் வாசலிலேயே நடந்தன. அவற்றின் வரைபட மேசையருகே நம் பிள்ளைகளைத் தேடினால் எத்தனை பேரைக் காண்பீர்கள்?

இது தற்செயல் அல்ல, சட்டங்களின் வழியாக நடந்தது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆறு வயது முதல் பத்து வயது வரை தாய்மொழிக் கல்வி தரும் பொறுப்பைத் தோட்டத் துரையின் தலையில் வைத்தது. பத்து வயதில் கொழுந்துக் கூடை காத்திருந்தது. 1945இல் சி.டபிள்யு.டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வந்தபோது நாடு முழுவதும் புதிய கதவுகள் திறந்தன, ஆனால் தோட்டப் பாடசாலை துரையின் நிர்வாகத்திலேயே, ஓராசிரியர் ஓரறையிலேயே, கிடந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாடற்றவருக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. அந்தக் காலத்தில் பொறியியலாளருக்கு வேலை தந்த இடங்கள் இரயில்வே, பொதுவேலை, நீர்ப்பாசனம், மின்சாரம், எல்லாம் அரசின் கையில். ஒரு பிள்ளை எல்லாத் தடையையும் தாண்டிப் படித்து முடித்தாலும் உட்கார நாற்காலி இல்லை. பிறகு 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள். அடுத்த வருடம் இந்த வீடு தலைமன்னார்க் கப்பலில் ஏறுமா, இங்கேயே நிற்குமா என்று தெரியாத குடும்பம் பிள்ளைக்குப் பத்தாண்டுக் கல்வித் திட்டம் போட எப்படி முடியும்? தோட்டங்கள் தேசியமயமாகி, 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் பாடசாலைகள் அரசின் கைக்கு வரத் தொடங்கின. குடியுரிமைச் சிக்கல் சட்டப்படி தீர்ந்தது 2003இல். வட்டுக்கோட்டையில் 1823இல் கிடைத்த தொடக்கம் நமக்குக் கிடைக்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும், அது கனமானது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்குக் காணி இருந்தது, சமூகத்தில் மேல்நிலை இருந்தது, பாடசாலை மட்டுமே காரணம் என்பது மிகை என்று சிலர் சொல்வார்கள். காணி இருந்தது உண்மை. செமினரியின் வாசல் எல்லாச் சாதியினருக்கும் சமமாகத் திறந்திருக்கவில்லை என்பதும் உண்மை; அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் அந்த உண்மை என் வாதத்தை வலுப்படுத்துகிறது. யாழ்ப்பாணத்துக்குள்ளேயே பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வீடுகளிலிருந்து அந்தக் காலத்தில் அளவையாளரோ பொறியியலாளரோ மலாயாவுக்குப் போனதாகத் தெரியவில்லை. அவர்களுக்குப் பாடசாலைகள் திறந்த பிறகு அதே வீடுகளிலிருந்து பட்டதாரிகள் வந்தார்கள். காணி ஒரு குடும்பத்தைப் பசியிலிருந்து காக்கும், பிள்ளையைப் பாடசாலையில் நிறுத்தி வைக்கவும் உதவும். பாடசாலையே இல்லாவிட்டால் காணி அதிக விளைச்சலைத்தான் தரும்.

இன்னொரு மறுப்பை நான் கேட்கும்போதெல்லாம் மனம் வேதனைப்படுகிறது. தோட்டத்துப் பெற்றோருக்குக் கல்வியில் அக்கறை இல்லை என்பார்கள். சாதாரண தரத்தோடு பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் ஆதாரம். ஆனால் இதே மலைகளிலிருந்து ஆயிரக்கணக்கான தாய்மார் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். ஏன் போகிறீர்கள் என்று கேட்டால் அவர்கள் சொல்லும் காரணங்களில் பிள்ளையின் படிப்பு முன்வரிசையில் நிற்கும். குடும்பத்துக்காகவும் கல்விக்காகவும் கடல் கடந்தவர் என்ற பெருமையை நாம் பொறியியலாளருக்கு மட்டும் கொடுத்துவிட்டோம். மலையகத்தில் அந்தப் பெருமைக்கு முதல் உரியவள், பெற்ற பிள்ளையை ஆச்சியிடம் ஒப்படைத்துவிட்டு அந்நிய வீட்டில் பாத்திரம் கழுவிய அம்மா. அவள் அனுப்பிய பணம் டியூஷனுக்குப் போகிறது. அந்தப் பணத்தால் பக்கத்திலேயே இணைந்த கணிதம் கற்பிக்கும் ஆசிரியரை வாங்க முடியவில்லை, அதனால் பஸ்ஸிலேயே பாதி செலவாகிறது. சாதாரண தரத்தில் கணிதத்தில் நல்ல சித்தி பெற்ற பிள்ளைக்குப் பக்கத்துப் பாடசாலையில் கலைப்பிரிவு மட்டுமே இருக்கும்போது, அந்தப் பிள்ளை கலைப்பிரிவில் சேருவதைப் பெற்றோரின் அக்கறையின்மை என்று எழுதுவது நியாயமா? ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியைப் பாருங்கள். கணித, விஞ்ஞானப் பிரிவுகளும் ஆசிரியரும் ஆய்வுகூடமும் ஓரிடத்தில் சேர்ந்ததும், சுற்றியுள்ள தோட்டங்களின் லயத்துப் பிள்ளைகள் அங்கே தேடிப் போனார்கள், பல்கலைக்கழகமும் போனார்கள். ஆர்வம் ஏற்கெனவே வீட்டில் காத்திருந்தது.

கோட்டா இருக்கிறதே என்று கேட்கலாம். பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 மாவட்ட அடிப்படையிலும், 5 கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. நுவரெலியா அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. 1971இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழி மாணவர் 250 புள்ளிகளும் சிங்கள மொழி மாணவர் 227 புள்ளிகளும் எடுக்க வேண்டும் என்றிருந்த அநீதியோடு ஒப்பிட்டால் மாவட்ட முறையால் நமக்கு நன்மை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் கோட்டாவின் அலகு மாவட்டம், தோட்டம் அல்ல. 2012 குடிசனக் கணக்கெடுப்பில் நுவரெலியா மாவட்டத்தின் 7,11,644 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியத் தமிழர் என்று பதிவானவர்கள். மாவட்டத்துக்கென்று வரும் பொறியியல் இடங்களில் அவர்களுக்குப் பாதி கிடைக்கும் என்று எந்த விதியும் இல்லை. எந்தப் பாடசாலையில் பௌதிகவியல் ஆசிரியர் இருக்கிறாரோ அந்தப் பாடசாலைக்கு இடம் போகிறது. கோட்டா திறந்து வைத்த கதவை எட்ட வகுப்பறை வேண்டும். மலையகத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கையை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் எனக்கு வரிசை முக்கியம். கணித, விஞ்ஞானப் பிரிவில் தேறிய நம் பிள்ளைகள் போதிய எண்ணிக்கையில் இல்லாமல் இங்கே ஒரு பொறியியல் பீடம் எழுந்தால், அதன் ஆசனங்களில் யார் உட்காருவார்கள் என்பதையும் நாம் இப்போதே யோசிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி. இவ்வளவும் செய்து ஒரு பொறியியலாளரை உருவாக்கினால் அவர் நாட்டை விட்டுப் போய்விடுவாரே, ஊருக்கு என்ன மிச்சம்? இதற்குப் பேராசிரியர் அழகையா துரைராஜாவின் வாழ்க்கையைக் காட்ட விரும்புகிறேன். 1934இல் வடமராட்சியில் பிறந்து, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்துக் கேம்பிரிட்ஜுக்குப் போய், களிமண் நசுங்கும்போதும் வழுக்கும்போதும் அதற்குள் சக்தி எப்படிச் செலவாகிறது என்பதை ஆராய்ந்தார். ரோஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து அவர் 1963இல் 'ஜியோடெக்னிக்' இதழில் வெளியிட்ட கட்டுரை இன்றும் மண்பொறியியலின் அடிப்படைகளில் ஒன்றாகப் பேசப்படுகிறது. மழைக்காலத்தில் மலைச்சரிவு இறங்கி லயங்களைப் புதைக்கும் நம் மாவட்டத்துக்கு இந்த அறிவு எவ்வளவு தேவை என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் கேம்பிரிட்ஜிலேயே தங்கியிருக்கலாம், ஆனால் பேராதனைக்குத் திரும்பி வந்து, பொறியியல் பீடாதிபதியாகி, போர் நடந்த ஆண்டுகளில் 1988 முதல் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். அவருடைய மனஉறுதியை நான் குறைக்கவில்லை. ஆனால் அவர் திரும்பி வந்து வேலை செய்ய பேராதனையில் ஒரு பீடம் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை. திரும்பாதவர்களும் மணியோடராகவும் கட்டடமாகவும் புலமைப்பரிசிலாகவும் ஊருக்கு வந்துகொண்டே இருந்தார்கள். மலாயா பென்ஷனியர்மாரின் பணம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எத்தனை வகுப்பறைகளைக் கட்டியது என்பதை அந்த ஊர்க்காரர் சொல்வார்கள். அந்தப் பணம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பாடசாலைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆகவே பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களில் உட்காரும் உங்களிடமும், வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் பேசப்போகும் உங்களிடமும் நான் கேட்பது அளவான ஒன்று. பொதுவாகக் 'கல்வியை முன்னேற்றுங்கள்' என்று கேட்காதீர்கள். கந்தப்பளை, இராகலை, நானுஓயாப் பக்கத்துப் பிள்ளை பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஒரு பாடசாலையில் இணைந்த கணிதத்துக்கு ஒருவர், பௌதிகவியலுக்கு ஒருவர், இரசாயனவியலுக்கு ஒருவர் என்று மூன்று நிரந்தரத் தமிழ்மொழி ஆசிரியர்களைக் கேளுங்கள். தண்ணீர்க் குழாயும் எரிவாயுவும் உள்ள ஒரு ஆய்வுகூடத்தைக் கேளுங்கள். தூரத்துத் தோட்ட டிவிசன்களிலிருந்து வரும் பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதியைக் கேளுங்கள், ஏனெனில் மாலை இருட்டில் மலைப்பாதையில் நடக்க வேண்டியிருக்கிறது என்ற ஒரே காரணத்தால் கணிதப் பிரிவை விட்டவர்கள் இருக்கிறார்கள். பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்தபின் ஆரம்பப் பிரிவில் நம் பாடசாலைகளுக்கு ஆசிரியர்கள் கிடைத்த மாதிரி, உயர்தரக் கணிதத்துக்கும் நம் மாவட்டத்துப் பட்டதாரிகளே வந்து நிற்க வேண்டும். இப்போது பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகளிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். நீங்கள் கனடாவுக்கோ கட்டாருக்கோ போங்கள், குடும்பத்தைத் தூக்கி நிறுத்துங்கள். விடுமுறைக்கு வரும் இரண்டு வாரங்களில் இரண்டு சனிக்கிழமைகளாவது உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். அந்த வகுப்பறையின் கதவைத் திறந்து வைக்க அதிபர்மார் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள்.